ஓசி நெட்வொர்க்

"காலைல உங்கிட்ட இன்ஸ்பெக்டர் நம்பரைக் குடுத்தேன். மத்தியானமே ஆயிடுச்சு. அந்த நம்பருக்குப் பேசின புண்ணியவான் யாரு? இன்னிக்கே சீட்டைக் கிழிக்கணும்."

மேனேஜர் மேசையைத் தட்டியதில் டீ தளும்பியது.

சுரங்கத்து கிரேனில் பிரேக் சரியில்லை என்று உள்ளே இருக்கும் யாரோ பாதுகாப்பு இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டுவிட்டார்கள். அவர் வந்து கிரேனுக்குப் பூட்டுப் போட்டுவிட்டுப் போய்விட்டார். பிரேக் சரியில்லை என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. மேனேஜருக்கும்தான்.

வெளி சிக்னல் எட்டாத இடம். உள்ளே ஓடுவது கம்பெனியின் சொந்த செல்போன் நெட்வொர்க். அதைக் கட்டி மேய்க்கும் இன்ஜினீயரை எல்லோரும் டவரக்கா என்றே கூப்பிடுவார்கள்.

"பேர் எடுக்க முடியாது சார்," என்றாள் டவரக்கா. "யார் யாருக்குப் பேசினாங்கன்னு இந்த சாஃப்ட்வேர்ல பதிவாகாது."

"என்னம்மா இது, என் பழைய பட்டன் போன்லயே அது இருக்கே?"

"காசு குடுத்து வாங்கியிருந்தா இருந்திருக்கும் சார். இது ஓசி, யார் வேணா திறந்து பாத்து மாத்திக்கலாம்னு அன்னிக்கே விளக்கினேன். ஓசிங்கற வார்த்தை காதுல விழுந்ததும் நீங்க கையெழுத்துப் போட்டுட்டீங்க."

மேனேஜர் தும்மினால் கைக்குட்டை நீட்டுகிற சூப்பர்வைசர் பக்கத்திலேயே நின்றிருந்தார். அவரா சும்மா இருப்பார்?

"இந்தம்மாகிட்ட நெட்வொர்க்கைக் குடுத்ததுக்கு நாலு புறா வளத்திருக்கலாம் சார். சேதியாவது ஒழுங்கா வந்திருக்கும்."

மேனேஜர் சிரித்தார். சூப்பர்வைசர் அதைவிடச் சத்தமாகச் சிரித்தார்.

"இந்த வருஷம் இன்க்ரிமென்ட்னு எங்கிட்ட வந்து நிக்காதே, போ" என்று மேனேஜர் முடித்துவிட்டார்.

டவரக்காவுக்குக் காது வரை எரிந்தது. விறுவிறுவென்று சர்வர் அறைக்குத் திரும்பினாள்.

பின்னாலேயே சூப்பர்வைசர் வந்தார். கதவைச் சாத்தினார். அவர் முகத்தில் அந்தச் சிரிப்பைக் காணோம்.

"ஏம்மா, நெஜமாவே அந்த வசதி இதுல இல்லையா?"

"இருந்துச்சுண்ணே. காலைல உங்க நம்பரைப் பாக்கற வரைக்கும்."