சிரமத்துக்கு வருந்துகிறோம்

‘சிரமத்துக்கு வருந்துகிறோம்’ என்று முடித்திருந்தேன்.

நிச்சயதார்த்த அழைப்பில் எழுதுகிற வாசகமா இது? எனக்கே சிரிப்பு வந்தது. என்ன செய்ய, பழக்கதோஷம்.

நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தின் அலுவலகத்தில்தான் எனக்கு வேலை. தண்ணீர் வராது, மின்சாரம் இருக்காது, மொட்டைமாடிக்குப் போகக் கூடாது என்று நோட்டீஸ் எழுதி ஒட்டுவது அதில் பாதி. எல்லாவற்றுக்கும் அடியில் இந்த ஒரு வரி. நல்ல சேதி எதையும் நான் இதுவரை எழுதியதில்லை.

இந்தக் கல்யாணமே அப்படியொரு நோட்டீஸில் ஆரம்பித்ததுதான். போன வருடம் லிஃப்ட் பாதியில் நின்றது. உள்ளே அவள் மாட்டிக்கொண்டாள். கதவை நெம்பி அவளை வெளியே இழுத்துவிட்ட மெக்கானிக்தான் மாப்பிள்ளை. கீழே நான் ‘லிஃப்ட் பழுது’ என்று எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் மேலே காரியம் கைமீறிப் போய்விட்டது.

தங்கமான மனிதர். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. தேடாமலும் இல்லை.

உள்ளறையில் அவள் கண்ணாடி முன்னால் நின்று புடவைகளை மாற்றி மாற்றித் தோளில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பீரோ கதவு திறக்கிற சத்தம், மூடுகிற சத்தம். நடுவில் ஏதோ பாட்டு வேறு.

மற்றவர்கள் எழுதியதைப் பார்த்துக் காப்பி அடிக்கலாமென்று போனில் தேடினேன். ‘எங்கள் அன்பு மகளுக்கு’ என்று தொடங்காத ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. இங்கே அது ஒத்துவராது.

அவளைப் பெற்றவர்கள் உயிரோடு இல்லை. கூடப் பிறந்தவர்களும் கிடையாது. அவளுக்கு நான், எனக்கு அவள். காய்ச்சல் வந்தால் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதும், வர நேரமானால் பால்கனிக்கும் வாசலுக்கும் நடப்பதும் நான்தான்.

அப்படியென்றால் கூப்பிட வேண்டியதும் நான்தான். அங்கேதான் கை ஓடவில்லை.

அவள் போன பிறகு இந்த வீடு எப்படி இருக்கும் என்று நினைத்தேன். இரண்டு டம்ளரில் ஒன்று கவிழ்த்தபடியே கிடக்கும். கதவைத் திறந்தால் ‘வந்துட்டியா’ என்று கேட்க ஆள் இருக்காது. பயமாக இருந்தது. நான் இதுவரை ஒரு வீட்டில் தனியாகத் தூங்கியதே இல்லை.

அதனால் இப்படி எழுதினேன்: ‘வரும் ஞாயிறு மாலை நிச்சயதார்த்த விருந்து நடைபெறும் என அறிவிக்கப்படுகிறது.’

யார் அறிவிப்பது என்று சொல்ல வேண்டியதில்லை. நோட்டீஸ் எழுதுகிறவர்களுக்கு இது ஒரு வசதி.

அவள் வந்தாள். போனை என் கையிலிருந்து வாங்கித் தூரமாகப் பிடித்துப் படித்தாள்.

“கூப்பிடறது யாருன்னே போடலியே. நீ கூப்பிடலேன்னா எனக்கு இது வேணாம். இப்பவே அவர்கிட்ட சொல்லிடறேன்.”

மிரட்டல் இல்லை. சொன்னால் செய்கிறவள். தோளில் கிடந்த புடவையை எடுத்து மடிக்கவே ஆரம்பித்துவிட்டாள்.

நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். அவள் இங்கேயே இருந்துவிடுவாள். இரண்டு டம்ளரும் நிமிர்ந்தே இருக்கும்.

புடவை இரண்டாக மடிந்தது. நான்காக மடிந்தது. பாட்டு நின்றுபோயிருந்தது.

போனை எடுத்து எல்லாவற்றையும் அழித்தேன். முதல் வரியில் என் பெயரைப் போட்டேன். அதற்குக் கீழே எழுதினேன்.

‘நான் கூப்பிடுகிறேன். எல்லோரும் வாருங்கள். ஞாயிறு மாலை, என் அம்மாவுக்கு நிச்சயதார்த்தம்.’