தீப்பெட்டி ஹாலில் ஒரு பீரோ

"இந்தத் தீப்பெட்டிக்குள்ள எதுக்குப்பா அந்த பீரோ?"

கீபோர்டு அக்கா கேட்டதில் தப்பே இல்லை. நாலு வரிசை நாற்காலி போட்டதுமே கதவைத் திறக்க இடமில்லாத ஹால் அது. பேஸ் கிடாருக்காக டிரம்ஸ்காரர் உருட்டிக்கொண்டு வந்த ஸ்பீக்கர் பெட்டியோ அக்காவின் தோள் உயரம். சின்ன நிகழ்ச்சிக்கு எப்போதும் ஒரு கையில் தூக்குகிற குட்டிப் பெட்டிதான் வரும். சின்ன இடத்தில் பெரிய பெட்டியை வைத்தால் பேஸ் சத்தம் சுவரில் முட்டிக் குழம்பிப்போகும். இது தெரியாத ஆள் இல்லை அவர்.

"என் பெட்டி, என் முதுகு. உங்களுக்கு எங்கக்கா வலிக்குது?" என்றார்.

பேஸ் கிடார் வாசிக்கிறவன் இரண்டு பேரையும் பார்க்காமல் ஒயரைப் பிரித்துக்கொண்டிருந்தான். டிரம்ஸ்காரர் அவன் மனைவியின் அண்ணன். வண்டியை விட்டு இறங்கும்போதே அவனிடம் சொல்லிவிட்டார்.

"முடிஞ்சதும் உன்கிட்ட கொஞ்சம் பேசணும் மாப்ள. வீட்ல வச்சு வேணாம்."

போச்சு, தெரிந்துவிட்டது என்று நினைத்தான்.

அவனுக்குக் காது மந்தமாகிக்கொண்டே வந்தது. எதிரில் நின்று பேசினால் வாயைப் பார்த்துச் சமாளித்துவிடுவான். டிரம்ஸும் கீபோர்டும் ஒன்றாகச் சேர்ந்தால்தான் தொல்லை. தான் வாசிப்பது தனக்கே கேட்காது.

முன்பு இருந்த குழுவில் இதை நேர்மையாகச் சொன்னான். ஐயோ பாவம் என்றார்கள். அடுத்த நிகழ்ச்சியில் அவன் இடத்தில் வேறொருவன் நின்றான். அதற்கப்புறம் மனைவியிடம்கூட மூச்சு விடவில்லை. பகலெல்லாம் டைல்ஸ் கடையில் நிற்கிறவன். பேஸையும் பிடுங்கிவிட்டால் மிச்சம் டைல்ஸ்தான்.

அதனால் காது செய்யவேண்டியதைக் கண்ணுக்கும் விரலுக்கும் பழக்கினான். கம்பி கரகரத்தால் அவனுக்குக் கேட்காது, ஊருக்கே கேட்கும். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கு முன்னாலும் கம்பிகளைத் துடைத்து, கட்டையோடு எங்கேயாவது உரசுகிறதா என்று விரலை வைத்துப் பார்ப்பான். கிடாரின் கழுத்து வளைந்திருக்கிறதா என்று ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பான். ஒயர் சொருகுகிற ஓட்டையைச் சுரண்டிச் சுத்தம் செய்வான். சுருதி சேர்ப்பது டியூனரின் பச்சை விளக்கைப் பார்த்து.

பொண்டாட்டியைக்கூட இப்படிக் கவனிக்க மாட்டாய் என்று மச்சானே கிண்டல் செய்திருக்கிறார். அப்போது சிரித்தவர்தான். இன்றைக்கு முகத்தில் சிரிப்பே இல்லை.

பெட்டிக்கு அடியில் எப்போதும் ஒரு ஸ்பாஞ்சு மெத்தை போடுவார்கள். அதிர்வு மேடைக்குள் இறங்காமல் இருக்கத்தான். டிரம்ஸ்காரர் அதை உருவிச் சுருட்டி ஓரமாக வீசினார். பெட்டியை மேடையின் வெறும் மரப்பலகையில் வைத்து, பேஸ்காரன் நிற்கிற இடத்துக்கு ஒட்டினாற்போல் தள்ளினார்.

அக்காவுக்கு எரிச்சல் தாங்கவில்லை. மேடையே தடதடக்கும், தன் மைக் ஊளையிடும் என்று பொரிந்து தள்ளினாள். அவர் பெட்டியின் சத்தத்தைக் குறைத்து வைத்துவிட்டுப் போனார்.

பேஸ்காரன் அவர் குறைத்த திருகையே பார்த்தான். இவ்வளவு பெரிய பெட்டியை வைத்துவிட்டு எதற்குக் குறைக்கவேண்டும்? இது பரீட்சைதான். நாலு பேர் முன்னால் தடுமாறட்டும், அப்புறம் குழுவிலிருந்து தூக்கிவிடலாம் என்று திட்டம்.

"மாப்ள, ஷூவைக் கழட்டு."

"எதுக்கு மச்சான்?"

"மேடை அழுக்காகுது, கழட்டுன்னா கழட்டு."

பார்த்தான். மச்சான் காலில் பூட்ஸ். அக்கா காலில் செருப்பு. முன்வரிசையில் ஏற்கெனவே ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேர் முன்னாலும் அவன் மட்டும் குனிந்து லேஸை அவிழ்த்தான். ஒரு சாக்ஸில் பெருவிரல் எட்டிப் பார்த்தது. அதையும் கழற்றினான். காது சூடானது. சூடாக மட்டும் நன்றாகத் தெரிந்திருந்தது அந்தக் காதுக்கு.

பாட்டு ஆரம்பித்தது.

டிரம்ஸ் மட்டும்தான் கேட்டது. அவன் வாசித்தது எங்கே போனது என்றே தெரியவில்லை. தப்பாக வாசிக்கிறானா, சரியாக வாசிக்கிறானா, ஒன்றும் புரியவில்லை. அக்கா திரும்பி அவனைப் பார்த்தாள். முடிந்தது கதை என்று விரலை எடுக்கப் போனான்.

அப்போது குதிகாலில் ஏதோ தட்டியது.

கம்பியை அழுத்தினான். பலகை உறுமியது. அடுத்த கம்பி, வேறு மாதிரி உறுமல். கீழ்ஸ்தாயி குதிகாலில் இறங்கியது, மேலே போகப் போக விரல்நுனியில் கூசியது. ஒவ்வொரு அடியும் தனித்தனியாகத் தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டு கடைசிப் பாட்டு வரை ஓட்டிவிட்டான். இத்தனை நாளில் இவ்வளவு சுத்தமாக வாசித்ததில்லை. கைதட்டினார்கள். அக்காகூடப் பெட்டியை ஒருமுறை முறைத்துவிட்டு, பரவாயில்லை என்பதுபோல் உதட்டைப் பிதுக்கினாள்.

ஆனால் பயம் இறங்கவில்லை. மெத்தையை எடுத்தது மச்சானின் கெட்ட புத்தி, பலகை அதிர்ந்தது தன் அதிர்ஷ்டம் என்றுதான் நினைத்தான். பேச்சு இன்னும் பாக்கி இருந்தது.

அக்கா கீபோர்டைத் தூக்கிக்கொண்டு முதலில் கிளம்பினாள். நாளையிலிருந்து அந்தக் குட்டிப் பெட்டியையே கொண்டுவரச் சொல்லிவிட்டுப் போனாள். டிரம்ஸ்காரர் தலையாட்டி வைத்தார். அவள் போனதும் ஹாலின் கதவைச் சாத்தினார். பேஸ்காரனுக்கு எதிரில், முகத்துக்கு நேராக வந்து நின்றார்.

தூக்கப் போகிறார். எப்படியும் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டான்.

அவன் வாயைப் படிக்க வசதியாக, டிரம்ஸ்காரர் ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னார்.

"அடுத்த ஹால் சிமெண்டுத் தரையாம் மாப்ள. நீயும் பெட்டியும் சேர்ந்து நிக்க எவ்வளவு பெரிய பலகை அடிக்கணும்?"