சமாதானச் செய்தி

பன்னிரண்டு நாளாக ஃப்ளோரன்ஸ் டீச்சர் வீட்டு டிவி செய்திச் சேனலை விட்டு நகரவில்லை. மகன் ரொனால்ட் வளைகுடாவில் இருந்தான். அங்கே ஏவுகணை ஒரு பக்கம் பறக்க, பேச்சுவார்த்தை ஒரு பக்கம் நடந்துகொண்டிருந்தது. டீச்சர் தினமும் சாந்தோம் மாதா கோயிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தார்.

எதிர்வீட்டு நஸ்ருன்னிசா ஓடிவந்தாள். "டீச்சர், சண்டை நின்னுடுச்சாம்! ரெண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டுட்டாங்க."

"அதுக்குள்ளயா?"

"இன்னா டீச்சர் இப்டி கேக்குறீங்க? நான் அஞ்சு வேளையும் துஆ கேட்டேன். நீங்க மெழுகுவத்தி ஏத்துனீங்க. கேட்டது கெடைச்சுடுச்சு!"

டீச்சர் பதில் சொல்லுமுன் போன் அடித்தது. ரொனால்ட்தான்.

"அம்மா, இங்க எல்லாம் சரியாயிடுச்சு. இனிமே தினம் ரெண்டு வாட்டி போன் பண்ணி உன்னைத் தொந்தரவு பண்ண மாட்டேன். வழக்கம்போல கிறிஸ்துமஸுக்குப் பேசறேன், சரியா?"

"சரிப்பா."

டீச்சர் டிவியை அணைத்தார். போர் வேண்டுமென்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. யார் தலையிலும் குண்டு விழக் கூடாது, பேச்சுவார்த்தை மட்டும் இன்னும் கொஞ்ச நாள் இழுக்கட்டும் என்றுதான் மாதாவிடம் கேட்டிருந்தார்.