தோற்றவர் கேட்கலாம்

மாமாவின் டாங்கி பீரங்கியைத் திருப்பி அவன் டாங்கியைக் குறிபார்த்தது. அவன் நகரவில்லை. அடிங்க மாமா, அடிச்சுத் தொலைங்க என்று மனசுக்குள் கெஞ்சினான்.

டொம்மென்று சத்தம் வந்தது. பீரங்கிக் குழாய் பின்னால் போய் முன்னால் வந்தது.

அவன் டாங்கி குலுங்கவே இல்லை.

இந்த ரிமோட் டாங்கி ஆட்டத்தில் குண்டு கிடையாது. குழாயின் முனையில், டிவி ரிமோட்டில் இருப்பதுபோல், கண்ணுக்குத் தெரியாத ஒளியை வீசும் பொட்டு விளக்கு இருக்கும். அந்த ஒளி எதிராளி டாங்கியின் உச்சந்தலையில் உள்ள கண்ணாடிக் குமிழில் பட்டால் டாங்கி குலுங்கும். ஐந்து அடி வாங்கினால் புகைவிட்டுப் படுத்துவிடும்.

மாமா குறி தவறியதாகச் சரித்திரமே கிடையாது. பல் செட் செய்கிற கை அது. மயிரிழை பிசகினாலும் யாரோ ஒருவர் வாய் புண்ணாகிவிடும் என்று பயந்து பயந்து பழகிய கை.

இன்றைக்கு மட்டும் என்ன வந்தது இந்த மனுஷனுக்கு?

அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. செருப்பைக் கழற்றினான், மாட்டினான், மறுபடி கழற்றினான். ரிமோட்டின் குச்சிகள் கட்டைவிரல் வேர்வையில் வழுக்கின. பூப்பந்து அரங்கின் தரையில் மணலைக் கொட்டி, அட்டையில் வீடுகள் கட்டி, சுற்றிலும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் அவனையே பார்ப்பதுபோல் இருந்தது.

இன்று தோற்றே ஆக வேண்டும்.

இந்தக் குழுவில் எங்கும் எழுதிவைக்காத சட்டம் ஒன்று உண்டு. தோற்றவர் இன்னொரு ஆட்டம் கேட்கலாம். ஜெயித்தவர் மறுக்கக் கூடாது. ஜெயித்தவர் தானாகக் கேட்டால் அது திமிர். இந்தச் சட்டத்தை வைத்துத்தான் மாமாவும் அவனும் வருஷக்கணக்கில் ஞாயிற்றுக்கிழமைகளை ஓட்டியிருந்தார்கள். மாறி மாறித் தோற்றார்கள், மாறி மாறிக் கேட்டார்கள்.

போன வாரம் கோர்ட்டில் அவனும் அவளும் கையெழுத்துப் போட்டாயிற்று. சத்தம் இல்லை, சண்டை இல்லை. மாமாவின் மகள் இனி அவன் மனைவி இல்லை. அப்படியானால் மாமா அவனுக்கு யார்? அதை எந்த வக்கீலும் சொல்லவில்லை.

கோர்ட்டுக்கு முன்பே நாள் குறித்த ஆட்டம் என்பதால்தான் இன்று மாமா வந்திருக்கிறார். அதுவும் காலையில் வாசலில் பார்த்ததும் "வாங்க தம்பி" என்றார். கல்யாணமான நாளிலிருந்து மாப்ளே என்பதைத் தவிர அவர் வாயில் வேறு வார்த்தை வந்ததில்லை. அந்தத் தம்பி அவன் நெஞ்சில் முள்ளாய்க் குத்திக்கொண்டே இருந்தது.

இனியும் வரலாமா மாமா என்று நேராகக் கேட்க அவனுக்கு வாய் வராது. தோற்றுவிட்டால் கேட்கலாம். அவரும் மறுக்க முடியாது.

அதற்கான வேலையை வீட்டிலேயே முடித்துவிட்டுத்தான் வந்திருந்தான். அவன் சுடுவது எதுவும் மாமாவின் டாங்கியில் படாது. ஆனால் மாமா சுடுவதாவது பட வேண்டாமா?

அட்டை வீட்டின் மறைவிலிருந்து டாங்கியை வெளியே கொண்டுவந்து, மாமாவின் பீரங்கிக்கு எதிரே விலாவைக் காட்டி நிறுத்தினான். லிஃப்ட் மெக்கானிக்கின் வண்டியும் லிஃப்ட் மாதிரியே பாதியில் நின்றுவிட்டது என்று யாரோ கிண்டல் செய்ய, கூட்டம் சிரித்தது.

டொம்.

ஒன்றும் இல்லை.

குமிழில் கோளாறா? காலையில்தான் பழைய டாங்கியால் சுட்டுப் பார்த்தான், நன்றாகக் குலுங்கியதே. மாமாவுக்குக் கண் மங்கிவிட்டதா? இல்லை, ஒட்டும் வேண்டாம் உறவும் வேண்டாம் என்று வேண்டுமென்றே தள்ளிச் சுடுகிறாரா?

மாமாவும் ஒளியவில்லை. மணல்மேட்டின் உச்சியில் டாங்கியைப் பப்பரப்பே என்று நிறுத்தியிருந்தார். இவன் என்ன கிழித்துவிடப் போகிறான் என்ற அலட்சியம்தான். அவனும் ஒப்புக்குச் சுட்டுவைத்தான்.

நேரம் முடிந்து விசில் ஒலித்தது. டிரா.

அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. டிரா என்றால் தோற்றவர் இல்லை. தோற்றவர் இல்லையென்றால் கேட்பவரும் இல்லை.

அப்போதுதான் இன்னொன்று நினைவுக்கு வந்தது. ஆட்டம் முடிந்ததும் எதிராளியின் டாங்கியை நாம்தான் தூக்கிக்கொண்டு போய் மேசையில் வைக்க வேண்டும். அது மரியாதை. எல்லாவற்றையும் யோசித்தவன் இதை மட்டும் கோட்டைவிட்டிருந்தான்.

மாமா அதற்குள் குந்தி உட்கார்ந்து அவன் டாங்கியைக் கையில் எடுத்துவிட்டார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குழாயின் முனையைப் பார்த்தார். அங்கே அவன் ஒட்டியிருந்த கறுப்பு டேப் துண்டு இருந்தது, லிஃப்ட் ஒயர்களுக்குச் சுற்றுகிற அதே டேப்.

முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் அவன் குனிந்து மாமாவின் டாங்கியைத் தூக்கினான்.

அதன் குழாயின் முனை இளஞ்சிவப்பாக இருந்தது.

பல் செட்டுக்கு ஈறு செய்கிற மெழுகு. விரலால் தடவி வழவழப்பாக அடைத்திருந்தது. மெழுகுக்கு அடியில் வெள்ளித்தாள் ஓரம் மினுங்கியது.

அவன் நிமிர்ந்தான். மாமா அவனைப் பார்க்கவில்லை. டேப்பின் ஓரத்தை நகத்தால் நீவிக்கொண்டிருந்தார்.

"வண்டில ஏதோ கோளாறு மாப்ளே. வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ப் பாக்குறேன். வர்ற ஞாயித்துக்கிழமை வந்து வாங்கிக்குங்க."

அவன் மெழுகின்மேல் கட்டைவிரலை வைத்து மறைத்துக்கொண்டு தலையாட்டினான்.