பெயருக்கு முன்னால் ஒரு மூச்சு

மின்விசிறியை நிறுத்திவிட்டு அலமாரிக்குள் போய் உட்கார்ந்தாள்.

உள்ளே மூன்று பக்கமும் ரஜாய், குளிர்காலப் பஞ்சுப் போர்வை, தொங்கியது. டெல்லியின் ஜூன் மாதத்தில் ரஜாய்க்குள் குடியிருக்கிற ஒரே பெண் அவளாகத்தான் இருப்பாள். கீழே ஆட்டோக்காரர்கள் போடும் சண்டை செய்திக்குள் வந்துவிடக் கூடாது. அதனால் வெந்துகொண்டே வாசித்தாள்.

அவள் பேசப் பேச, ஹாம்பர்க்கிலிருந்து வானொலி நடத்தும் நவீத் அவளை ஆணாக்கி அனுப்பிக்கொண்டிருந்தான். அதற்கென்று அவனிடம் ஒரு கருவி இருக்கிறது. பெயரில்லாத, கனத்த குரல்காரன் ஒருவன் சிற்றலையில் ஏறி ஹெராத்துக்குப் போனான்.

அம்மா இருக்கிற, அவளால் போக முடியாத ஊர் அது.

காபூல் வானொலியில் வருஷக்கணக்காகச் செய்தி வாசித்தவள். தாலிபான் வந்ததும் அவளைத் தேடினார்கள். அவள் தப்பிவிட்டாள். அம்மாவுக்குப் பாஸ்போர்ட் கிடைக்கவில்லை. வாசிப்பது யார் என்று தெரிந்தால் அம்மாவைத்தான் பிடித்துக்கொண்டு போவார்கள்.

அம்மாவிடம் தையல் கடையில் வேலை என்று சொல்லியிருந்தாள். ஊசியில் நூல் கோக்கத் தெரியாதவள் சொன்ன பொய் அது.

பகல் முழுக்க அவளோடு பேச ஆளில்லை. ரொட்டிக் கடையில் விரலைக் காட்டினால் போதும். வாய் திறப்பது அலமாரிக்குள் மட்டும்தான். அதையும் எவனோ ஒருவன் எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். அவன்மேல் அவளுக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. தினமும் அம்மாவின் அடுப்படிவரை போகிறவன் அவன்தான்.

வழக்கம்போல வெள்ளிக்கிழமை அம்மா கூப்பிட்டாள். வெயில் எப்படி, தையல் எப்படி என்றெல்லாம் கேட்டாள். பிறகு, பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்.

"சாயங்காலம் ரேடியோவில ஒரு பிள்ளை செய்தி வாசிக்கிறான். செத்தவங்க பேரைச் சொல்றதுக்கு முன்னாடி ஒரு மூச்சு நிறுத்திட்டுத்தான் சொல்றான். நல்லா வளத்திருக்காங்க."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

அது அம்மாவின் வழக்கம். இறந்தவர் பெயரை எடுக்கும் முன் பேச்சை நிறுத்தி, மனதுக்குள் ஒரு துஆ கேட்டுவிட்டுத்தான் பெயரைச் சொல்வாள். அப்பாவின் பெயரை அப்படித்தான் சொல்வாள். பார்த்துப் பார்த்து மகளுக்கும் ஒட்டிக்கொண்டது. காபூலில் செய்தி ஆசிரியர் தலையில் அடித்துக்கொள்வார். சத்தம் நின்றால் கேட்கிறவன் வேறு நிலையத்துக்குப் போய்விடுவான் என்பார். அவளால் மாற்றிக்கொள்ள முடிந்ததில்லை.

நவீதின் கருவி குரலைத்தான் மாற்றும்.

அம்மா கண்டுபிடித்துவிட்டாள். மகளுக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில்தான். இந்த உலகத்தில் அவளை அவள் என்று தெரிந்துகொள்ள இன்னும் ஓர் ஆள் இருக்கிறது.

அம்மா இன்னும் முடிக்கவில்லை.

"பக்கத்து வீட்டு குல்பானுவும் சொல்றா. இப்படி நிறுத்தி வாசிக்கிறதை முன்னாடி எங்கேயோ கேட்டிருக்காளாம்."

குல்பானுவின் மருமகன் தாலிபான் உளவுப் பிரிவில் இருக்கிறான். அது அம்மாவுக்கும் தெரியும்.

மறுநாள் வந்த செய்திகளில் மர்ஸியாவின் பெயர் இருந்தது.

காபூலில் பக்கத்து மேஜைக்காரி. உருளைக்கிழங்கு ரொட்டி கொண்டுவந்தால் பாதியைக் கேட்காமலே இவள் பக்கம் தள்ளிவிடுவாள். பெண்கள் ஊர்வலத்தைப் படம் எடுத்தாள் என்று குளிர்காலத்தில் பிடித்துப் போனார்கள். நேற்று சிறையில் இறந்துவிட்டாள்.

அழுதாள். முகத்தைக் கழுவினாள். சத்தமாக வாசித்துப் பார்த்தாள்.

பெயருக்கு முன்னால் வாய் நின்றது.

மறுபடி வாசித்தாள். மறுபடியும் நின்றது.

நேரமாகிவிட்டது. விசிறியை நிறுத்தினாள். அலமாரிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்த வரி வந்தபோது தொடையை நகம் பதியக் கிள்ளிக்கொண்டாள். முட்டைக்கோஸ் விலை சொல்வது போல மர்ஸியாவைச் சொன்னாள். நிற்கவில்லை. அடுத்த வரிக்குப் போனாள். அதற்கடுத்த வரிக்கும் போனாள். ஹெராத்தில் நாளை புழுதிக் காற்று வீசும் என்றாள்.

மைக்கை அணைத்தாள்.

அப்புறம்தான் நிறுத்தினாள். இருட்டில், வியர்வையில், வெகுநேரம். பிறகு மர்ஸியா என்றாள். அதை யாரும் கேட்கவில்லை.

போன் அடித்தது. வெள்ளிக்கிழமை இல்லை. இருந்தும் அம்மாதான்.

"அந்தப் பிள்ளை போயிட்டான் போல. இன்னைக்கு வாசிச்சது வேற யாரோ."

"அப்படியாம்மா?"

"குல்பானுவும் அதான் சொன்னா."

"சரிம்மா."

"நல்லது" என்றாள் அம்மா. "நல்லதுதான்."

அதற்குமேல் சத்தம் வரவில்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். அறுந்திருக்கவில்லை. திரையில் வினாடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

அம்மா பேச்சை நிறுத்தியிருந்தாள்.

ஒரு மூச்சு.

"நஸ்தரன்" என்று மகளைப் பெயர் சொல்லி அழைத்தாள். "சாப்பிட்டியா?"