ஊதாப் பட்டை

ஸ்ஃபாக்ஸ் கடற்கரைச் சாலையில், ஊர்ப் புற்றுநோய் ஆய்வுக்கூடத்துக்கு நிதி திரட்டும் நடை தொடங்கப்போகிறது. நோயிலிருந்து மீண்டவர்களுக்கு ஊதாப் பட்டை. முதல் சுற்று அவர்களுக்கே. அக்கா ஸல்வாவை அடக்கம் செய்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. மீண்டவர்கள் பட்டியலில் அவள் பெயரை அடிக்கச் சொல்லத்தான் ரஃபீக்கா வந்திருக்கிறாள். பதிவு மேசையில் இருக்கும் பெண் நிமிர்ந்து பார்க்கிறாள். ரஃபீக்காவுக்கு அக்காவின் அதே முகம். “ஸல்வா அக்கா! இந்த வருஷமும் வந்துட்டீங்களே, கில்லாடிதான் நீங்க!” ரஃபீக்கா வாயைத் திறப்பதற்குள் பட்டை தோளில் விழுகிறது. பின்னால், காதில் மல்லிகைச் செண்டு செருகிய பெரியவர் விரட்டுகிறார். “நடம்மா, வெயில் ஏறுதுல்ல!” கால்கள் நடக்கின்றன. அக்கா பிழைத்துக்கொண்டதற்காக இருபுறமும் ஊரே கைதட்டுகிறது.