விலாவுக்குக் கீழே

அந்த ஆஸ்பத்திரியில், நோயாளி படுத்தாலே போதும், என்ன நோய் என்று கட்டிலே கண்டுபிடித்துவிடும். ஆனாலும் யாராவது தொட்டுப் பார்த்தால்தான் நோயாளிக்கு மனசு ஆறுகிறது என்பதால், டாக்டர் கனவோடு இருக்கும் பள்ளிப் பிள்ளைகளை வார்டுக்கு அனுப்பினார்கள். அப்படி வந்த பூங்கோதைக்கு வழிகாட்டி, முதலாண்டு மருத்துவ மாணவி ஜெசிந்தா.

"இடது விலாவுக்குக் கீழ விரலை வைடி. மூச்சை இழுத்தா மண்ணீரல் இறங்கும். வீங்கியிருந்தாத்தான் விரல்ல வந்து முட்டும்."

படுத்திருந்த லாரி ஓட்டுநர் மூச்சை இழுத்தார்.

"அக்கா, முட்டுது!" என்று கிசுகிசுத்தாள் பூங்கோதை.

கட்டிலில் 'நலம்' என்று பச்சை விளக்கு எரிந்தது.

ஜெசிந்தா அவளை ஓரமாக இழுத்தாள். "எனக்கும் ஒருத்தருக்கு முட்டுச்சு. கட்டில் சொன்னது தப்புன்னேன். மூணு வருஷமா முதலாண்டுலயே கிடக்கேன். நீயும் அப்படிச் சொன்னா உனக்கு டாக்டர் சீட்டே கிடைக்காது."

"அவருக்கு என்னாச்சு?"

"செத்துட்டாரு."

"என்ன பாப்பா, ஏதும் இருக்கா?" என்றார் ஓட்டுநர்.

பூங்கோதை அவர் சட்டையை இழுத்துவிட்டாள்.

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. வீட்டுக்குப் போகலாம்."